அழுகை மூலை

நான் கடைசியாக அழுது நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு இது தெரியாது. அவளைப் பொறுத்தவரை நான் நேற்றுக் காலைகூட அழுதேன்.

இந்த ஊருக்கு வந்த முதல் ஐம்பத்தொரு நாட்கள் நிஜமாகவே அழுதேன். அதில் கலப்படம் கிடையாது. வேலைக்குக் கிளம்பும் முன் காலை ஆறரைக்கு வீடியோ கால் போடுவேன். அம்மா முகம் தெரிந்ததும் மடை திறந்துவிடும். ஐம்பத்திரண்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. எழுந்தேன். பல் தேய்க்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் குனிந்து, சாறு முழங்கை வரை வழிய, ஒரு பேரிக்காயை நின்றபடியே தின்றேன். பல் தேய்க்காமல் என்ன தீனி என்று யாரும் கேட்கவில்லை. கேட்க யாருமில்லை என்பது அன்றைக்கு முதல் முறையாக நல்ல செய்தியாகப் பட்டது. அம்மாவிடம், "இன்னைக்கு நல்லா இருக்கேன்மா" என்றேன்.

அம்மாவின் முகம் சுருங்கிப் போனது.

"அப்படியா? சரி" என்றாள். பிறகு பேச ஒன்றுமில்லாதவள்போல உட்கார்ந்திருந்தாள். நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வழக்கமாக நாற்பது நிமிடம் போகும்.

மறுநாள் சோதனைக்காக லேசாக மூக்கை உறிஞ்சினேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அழாதடி கண்ணு, அம்மா இருக்கேன்ல" என்று ஆரம்பித்தாள். நாற்பத்திரண்டு நிமிடம். நான் வேதியியல் படித்தவள். இதை ஊற்றினால் அது பொங்குகிறது என்றால் எதை ஊற்ற வேண்டும் என்பது தெளிவு. என் அம்மாவுக்கு நான் அழ வேண்டும்.

அக்கா இதையே வேறு மாதிரி சொன்னாள். "நீ அழறதுதான் இங்க காலைச் சீரியல். நீ போனை வச்சதும் அம்மா சித்திக்குப் போன் போட்டுக் கதைச் சுருக்கம் சொல்றா. ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடாதடி, சித்தி தவிச்சுப் போயிடுவா."

அக்காவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், மாமியாருக்கு மூட்டுவலி. கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அவளிடம் போய், ஞாயிறு முழுவதும் ஜன்னலில் உட்கார்ந்து பேருந்துகள் குளிப்பதைப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் பார்த்தேன். என் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே பேருந்துப் பணிமனை. மாலை நான்கு மணிக்கு வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். பெரிய பெரிய தூரிகைகள் இரண்டு பக்கமும் சுழன்று அவற்றுக்கு முதுகு தேய்த்துவிடும். நான் டீயோடு உட்கார்ந்து கடைசி வண்டி வரைக்கும் பார்ப்பேன். சோற்றைக் குக்கரிலிருந்தே கரண்டியால் சாப்பிடுவேன். கட்டிலில் குறுக்காகப் படுப்பேன். பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ஆரஞ்சு நிற நாற்காலியை எட்டு தெரு தூக்கி வந்தேன். அது நாற்காலியா, யாரோ கோபத்தில் மடக்கிய பாயா என்று சொல்ல முடியாது. அதில் சாய்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அப்புறம் ஏழு செடிகள். ஒரு சைக்கிள். சனிக்கிழமை மதியம் நகராட்சிக் குளத்தில் நீச்சல் வகுப்பு. அங்கே என் வகுப்பில் இருந்த மற்ற எல்லோருக்கும் வயது ஆறு. அவர்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டு மேல் வகுப்புக்குப் போனார்கள். அடுத்த ஆறு வயதுக் கூட்டம் வந்தது. அவர்களும் போனார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேலையும் எனக்குப் பிடித்துப் போயிற்று. பெயின்ட் கம்பெனியில் சோதனைக் கூடம். பெயின்ட் காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. தகட்டில் ஒரே கனத்தில் இழுத்துத் தேய்த்து, கடிகாரத்தைத் தட்டிவிட்டு, உட்கார்ந்திருக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு ஒரு முறை பஞ்சைப் போட்டு ஊதிப் பார்க்க வேண்டும். ஒட்டாமல் பறந்தால் மேல்பரப்பு காய்ந்துவிட்டது. கட்டைவிரலை அழுத்தித் திருகினால் ரேகை விழவில்லை என்றால் உள்ளேயும் காய்ந்துவிட்டது. அவ்வளவுதான். யாருடனும் பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்காகக் கடவுளே நேரில் வந்து உருவாக்கிய உத்தியோகம். வீட்டில் இதை 'ஆராய்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

இப்படி இருந்தும் தினமும் காலை ஆறரைக்கு நான் அழ வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு மூலை வைத்திருந்தேன். வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில், சுவரில் ஈரம் இறங்கி மேப்பு வரைந்த இடம். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கே உட்காருவேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் கண் தானாகவே சுருங்கும். பாதி வேலையை அது செய்துவிடும். ஒரு பெருமூச்சு, இரண்டு உறிஞ்சல், நடுவில் ஒரு "ஒண்ணும் இல்லம்மா." முடிந்ததும் எழுந்து பாட்டுப் போட்டுக்கொண்டு குளிக்கப் போவேன்.

இந்த மூலையைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நர்ஸ் அக்கா. இரண்டாம் மாடியில் என் அறைக்கு நேர் கீழே இருந்தார். நம் பாஷை பேசுகிறவர், நாற்பது வயது, நல்ல ஆகிருதி, நல்ல குரல். மூலைக்கு 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்கூட இல்லை. வீட்டில் அம்மா காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் எண்பத்தஞ்சு நாள்தான், பல்லைக் கடிச்சுக்கோ" என்று போன வெள்ளிக்கிழமை தேற்றினாள். அதே வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒரு தாளை நீட்டினார். எங்கே கையெழுத்து என்று கேட்டேன். படித்துப் பார்க்கச் சொன்னார். கையெழுத்துப் போட்ட பிறகு படித்தேன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் சித்தப்பா செய்தி வந்தது.

சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். தண்ணீர் பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளர். எங்கோ நடக்கும் கண்காட்சிக்குப் போகிறார். வழியில் நான் இருக்கும் ஊரில் விமானம் மாற வேண்டும். நடுவில் பதினோரு மணி நேரம்.

"நேர்ல பார்த்துட்டு வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் அம்மா. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இறங்கறார். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்படி இருக்கியோ அப்படியே இரு."

அதுதான் முடியாது.

அன்று மாலை நர்ஸ் அக்கா இடுப்பில் கை வைத்து என் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதைப் பார்த்தா உன்னைக் கஷ்டப்படறவன்னு எவன் நம்புவான்? ஹனிமூன் வந்தவ ரூம் மாதிரி இருக்கு."

"அதான்க்கா கூப்பிட்டேன். எல்லாத்தையும் மறைக்கணும்."

"எங்க வீட்டுல இடம் இல்லடி. பிரிட்ஜ் சாமானை வேணா குடு, வச்சுக்கறேன்."

பிரிட்ஜில் இருந்த முட்டை, பழம், வெண்ணெய், பாதி கேக் எல்லாம் கீழே போயின. அரை வெங்காயத்தையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் மட்டும் விட்டுவைத்தோம். மீதிச் சாமான்களைக் குளியலறைக்குள் அடைத்தோம். ஆரஞ்சு நாற்காலி, அதன் மேல் சைக்கிள், சைக்கிள் மேல் நீச்சல் உடை, சுற்றிலும் ஏழு செடிகள். வாசல் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கழிப்பறை இருந்தது. சித்தப்பாவுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டேன். மாடிப்படி அடியில் கிடந்த மூன்றே கால் கால் உள்ள ஒரு நாற்காலியை அக்கா தூக்கி வந்து நடுவில் வைத்தார்.

"கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுப்பு வேணும். என்கிட்ட மை இருக்கு."

"அக்கா, இது நாடகம் இல்ல."

"ஆமாமா. நாடகத்துல காசு குடுப்பாங்க." படுக்கையைக் கலைத்துவிட்டார். பிறகு, "ஏன்டி, சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார்.

"முடியாதுக்கா. அம்மாவுக்கு இதை விட்டா வேற ஒண்ணும் இல்ல. நான் நல்லா இருக்கேன்னு சொன்னா அவங்களுக்கு வேலையே போயிடும்."

"என் வார்டுல வலிக்காமலே வலிக்குதுன்னு ஊரைக் கூட்டறவங்களைப் பார்த்திருக்கேன். வலிக்கலைன்னு சொல்லப் பயப்படற பேஷண்ட் நீ ஒருத்திதான்."

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சித்தப்பா வந்தார். மூன்று மாடி ஏறியதில் முகம் சிவந்திருந்தது. உருண்டையான மனிதர். கல்யாண வீடுகளில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இறந்தபோதுகூட, பாடை தூக்குகிறவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று பெயர்.

"எப்படிம்மா இருக்கே பாப்பா?" என்று கேட்டபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. சாய்ந்தபடியே அறையைப் பார்த்தார். வெறும் சுவர். ஈர மேப்பு. கலைந்த படுக்கை. சித்தப்பாவின் வாயில் தயாராக இருந்த ஜோக் அங்கேயே நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா, பழகிடுச்சு" என்றேன். இந்த வசனம் எப்போதும் நன்றாக எடுபடும்.

அம்மா கொடுத்தனுப்பிய பையைப் பிரித்தார். இருமல் மருந்து, தலைவலித் தைலம், ஒரு கம்பளிச் சட்டை, பன்னிரண்டு கைக்குட்டைகள். கைக்குட்டைகளின் ஓரத்தில் அம்மா கையாலேயே நூல் போட்டிருந்தாள். என் அழுகைக்கு வீட்டில் இந்த அளவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

"டீ போடறேன் சித்தப்பா."

"நீ உட்காரு. நான் எடுக்கறேன்" என்று பிரிட்ஜைத் திறந்தார்.

திறந்தவர் மூடவில்லை. குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது. அரை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் கை பின்னால் நீண்டு கைக்குட்டையைத் தேடியது.

நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக நடித்தேன். ஒரு நாள்கூட பார்ப்பவரின் பக்கத்தில் நான் இருந்ததில்லை.

"போதும்" என்றார் சித்தப்பா, மூக்கைச் சிந்திவிட்டு. "எங்க கம்பெனியில பம்புக்கெல்லாம் பெயின்ட் அடிக்கறோம். சோதனை பண்ண ஒரு ஆள் வேணும்னு முதலாளி சொல்லிட்டே இருக்கார். என் ஒரு போன் போதும். பத்து நாள்ல நான் இந்த வழியாத்தான் திரும்பறேன். பெட்டியைக் கட்டி வை."

"சித்தப்பா, அதெல்லாம் வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள்..."

"எதுக்கு? இன்னும் கால் வெங்காயம் ஆகட்டும்னா?"

அவர் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். நான் தடுப்பதற்குள் பிரிட்ஜுக்குள் போனை நீட்டினார்.

"பாருங்க அண்ணி. இதுதான் உங்க பொண்ணு சாப்பாடு."

எப்போதும் "அழாதடி கண்ணு" என்று ஆரம்பிக்கும் அம்மா இப்போது உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட குடுங்க தம்பி, அவ முகத்தைப் பார்க்கணும்" என்றாள். சித்தப்பா போனை என் கையில் வைத்தார்.

"உன்னை அனுப்பியே இருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

"அம்மா, அப்படி இல்ல..."

"நீ பேசாத. தினமும் உன் போன் வரதுக்கு முன்னாடியே பாத்ரூம்ல போய் ஒரு பாட்டம் அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உட்காருவேன். உன் முன்னாடி தெம்பா இருக்கணும்ல? நீ வச்சப்புறம் சித்திகிட்ட கொட்டலைன்னா நெஞ்சு வெடிச்சிடும் எனக்கு."

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டேன். அம்மாவின் கண்ணுக்குக் கீழ் கறுப்பாக இருந்தது. மை இல்லை.

"ஒரே ஒரு நாள் நல்லா இருக்கேன்னு சொன்னே. ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான்டி ரொம்ப பயந்தேன். எவ்வளவு கஷ்டமா இருந்தா என்கிட்டயே பொய் சொல்லுவேன்னு. மறுநாள் நீ அழுத அப்புறம்தான் எனக்கு உசிரே வந்துச்சு. சரி, மனசுவிட்டு அழறா, மறைக்கலைன்னு."

ஒரே ஒரு நாள் பார்த்த ஒரே ஒரு முகம். அதை வைத்து நான் முடிவு கட்டியிருந்தேன். கம்பெனியில் ஒரு தகட்டை வைத்து முடிவு எழுதினால் மேலாளர் தாளை மூஞ்சியிலேயே விட்டெறிவார். குறைந்தது மூன்று தகடு வேண்டும்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு இது பிறவியிலேயே வந்த கோளாறு. முக்கியமான வாக்கியம் என்றால் தொண்டைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். "அம்மா" என்பது மட்டும் வந்தது. அதுவும் அழுகைபோல வந்தது.

அப்போதுதான் குளியலறையிலிருந்து "அடப்பாவிகளா!" என்று சத்தம் கேட்டது.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். சித்தப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பார். மணமேடையிலிருந்து இறங்கியதும் சித்தி வீட்டில் அவர் முதலில் பார்த்தது மொட்டைமாடித் தொட்டியைத்தான்.

சைக்கிளுக்கும் செடிகளுக்கும் நடுவில் நின்றிருந்தார். காதோரம் ஒரு கொடி தொங்கியது. கையில் என் நீல நிற நீச்சல் உடை.

"இதெல்லாம் யாரோடது?"

"அது... கீழ நர்ஸ் அக்காவோடது" என்றேன். வாய் கூசாமல் வந்தது. பொய் என்றால் மட்டும் என் தொண்டையில் எதுவும் உட்காருவதில்லை.

"ஓஹோ! கேட்க நாதியில்லைன்னு உன் பாத்ரூமைக் குடோனா ஆக்கிட்டாளா? நீ எங்கம்மா குளிக்கறே? அண்ணி, கேட்டீங்களா? பொண்ணு குளிக்கக்கூட இடம் இல்லாம இருக்கா!"

"எவ அவ?" என்றாள் அம்மா போனுக்குள்ளிருந்து. "தம்பி, என்னையும் கூட்டிட்டுப் போங்க."

சித்தப்பா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் நீச்சல் உடையையும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். "சித்தப்பா, சித்தப்பா" என்று நான் பின்னாலேயே ஓடினேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நர்ஸ் அக்கா கதவைத் திறந்தார். இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார். தலையில் எண்ணெய், தோளில் துண்டு.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? சின்னப் பொண்ணு, தனியா இருக்கு. அது பாத்ரூம்ல சைக்கிளை நிறுத்தி, காடு வளர்த்து வச்சிருக்கீங்களே!"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தப்புதான் சார்" என்றார் அக்கா. "எங்க வீட்டுல இடம் இல்ல. அதான்."

"இதுவும் உங்களோடதா?" சித்தப்பா நீச்சல் உடையைத் தூக்கிப் பிடித்தார். அது அக்காவின் ஒரு கைக்குக் கூடப் பற்றாது.

அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா சார். கொஞ்சம் டைட்டு."

போனிலிருந்து அம்மா ஆரம்பித்தாள். "நீயும் ஒரு பொண்ணுதானே? வெளியூர் வந்து பொழைக்கறவதானே? உனக்கு இரக்கம் வேண்டாம்? என் பொண்ணு வாயில்லாப் பூச்சி. ஏறி மிதிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டா. அதுக்காக மிதிப்பியா? நீயெல்லாம் நர்ஸா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தவர். சைக்கிள் ஓட்டும்போது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, மூச்சு வாங்கி, பஸ் நிறுத்தத்தில் படுத்தே விட்டவர். திட்டை வாங்கிக்கொண்டே நின்றார். துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அக்காவை விடுங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"அக்காவைத் திட்டாதீங்க!"

படிக்கட்டில் எதிரொலித்தது. மேல் மாடியில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். சித்தப்பா போனோடு திரும்பினார்.

"அந்த சைக்கிள் என்னோடது. செடி என்னோடது. நாற்காலி என்னோடது."

"இது?" என்றார் சித்தப்பா.

"அதுவும்."

சித்தப்பா நீச்சல் உடையை மெதுவாகப் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டார். சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல.

"அப்போ அந்த வெங்காயம்?" என்றாள் அம்மா.

நர்ஸ் அக்கா உள்ளே போய்த் தன் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். முட்டை, பழம், வெண்ணெய் எல்லாம் தனித் தட்டில் என் பெயர் எழுதிய சீட்டோடு இருந்தன. சித்தப்பா எட்டிப் பார்த்தார். "கேக்குமா?" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பசி தெரிந்தது. காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அக்கா ஒரு துண்டு வெட்டி அவர் கையில் வைத்தார். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். போன் என் கைக்கு வந்தது.

அம்மா போனுக்கு மிக அருகில் வந்திருந்தாள். பாதி நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

"என்னடி இதெல்லாம்? எதுக்கு ஒளிச்சு வச்சே?"

நான் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

"யாராவது இருக்காங்களா? எந்த ஜாதியா இருந்தாலும் சொல்லிடு, அப்பாகிட்ட நான் பேசறேன்."

"அய்யோ, இல்லம்மா."

"உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல."

"வேலை போயிடுச்சா?"

"இல்ல. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். போன வெள்ளிக்கிழமை."

போனுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. சித்தப்பா கேக்கை வாயருகே கொண்டு போனவர் அப்படியே நின்றார்.

"ரெண்டு வருஷமா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவ்வளவு அழுதுட்டு, அங்கேயே ரெண்டு வருஷம்னா? யாராவது மிரட்டிக் கையெழுத்து வாங்கினாங்களா? என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்னடி நடக்குது அங்க? எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன். சத்தியமாத் தாங்கிக்குவேன். உண்மையைச் சொல்லு."

தொண்டையில் அது வந்து உட்கார்ந்தது. நர்ஸ் அக்கா கதவில் சாய்ந்து நின்று, சொல்லு என்பதுபோலத் தாடையை ஆட்டினார். அம்மாவின் ஒற்றைக் கண் இமைக்காமல் இருந்தது.

"நான் இங்க சந்தோஷமா இருக்கேன்மா."